கை வைத்த நாற்காலி

ஏகநாதன் வலது கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று அதில் உட்கார்ந்து காபி குடிக்கிறவருக்குத் தெரியும். சர்வருக்குத் தெரியும். வாசலில் குழந்தை குட்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கும் தெரியும். அந்த நாற்காலி இனி ஏகநாதனுடையது. உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து போவது ஒன்றுதான் பாக்கி.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது வேதகிரி பவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே உட்கார இடம் கிடைப்பதும் தீபாவளிக்கு முதல் நாள் ரயிலில் உட்கார இடம் கிடைப்பதும் ஒன்று. வண்டலூரில் புலி பார்த்துவிட்டு வருகிறவர்கள், மேட்னி சினிமா விட்டு வருகிறவர்கள், மின்சார ரயிலில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சமைக்கச் சோம்பல்படுகிறவர்கள், எல்லோருக்கும் அந்த ஒரே ஹால்தான். மாடியில் ஏ.சி. அறை கட்டப் போவதாக முதலாளி மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டினால் செங்கல்லும் மணலும் ஏகநாதனிடம்தான் என்று பேச்சு. அந்தப் பேச்சுக்காக அவருக்கு ஒரு நாள் ஒரு ஸ்டூலைக்கூட யாரும் பிடித்து வைத்ததில்லை. அங்கே சட்டம் ஒன்றுதான். சாப்பிடுகிறவர் பின்னால் போய் நில். நின்றால் மட்டும் போதாது, கையை வை. கை வைத்தவனுக்குத்தான் நாற்காலி.

ஏகநாதனுக்கு இரும்புலியூர். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் இப்போது வீட்டுமனை ஆகிவிட்டது. அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல், மணல், ஜல்லி இறக்குவது இவர் தொழில். வாரம் முழுக்க லாரி டிரைவரோடும் மேஸ்திரியோடும் கத்திக் கத்தித் தொண்டை மணல் சலிக்கிற சல்லடை மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தத் தொண்டைக்கு ஓய்வு. மத்தியானம் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு தூக்கம், சாயங்காலம் வெள்ளை வேட்டி, வேதகிரி பவன். "மத்தியானம் பண்ண பாவத்த சாயந்தரம் கய்விக்கறேன்" என்பார். பாவமாவது ஒன்றாவது. அந்த ஓட்டல் வெங்காய ரவா தோசைக்காக மனுஷன் மழையிலும் வருவார்.

நாற்காலி பிடிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. சாப்பிடுகிறவரோடு பேச மாட்டார். அவர் தட்டைப் பார்க்க மாட்டார். "துன்றவன் தட்ட பாத்தா அவனுக்கு வயிறு வலிக்கும், நமக்கு பேர் கெடும்" என்பது அவர் கொள்கை. கையை நாற்காலியில் வைத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கும் முருகர் காலண்டரை ஏதோ வேண்டுதல் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்காமல் பார்ப்பதுதான் வித்தை. தோசையின் கடைசித் துண்டுக்குப் புதுச் சட்னி கேட்கிறவன் இன்னொரு தோசை சொல்லப்போகிறான், அவன் பின்னால் நிற்பது வீண். காலிடுக்கில் பையை வைத்திருப்பவன் ரயிலுக்குப் போகிறவன், நல்ல ஆள். டவராவில் காபியை ஆற்றுகிறவர் தூரத்திலிருந்தே கை வைக்கத் தகுந்தவர். இத்தனைக்கும் பிறகு யாராவது பில்லை மடித்துப் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், விரலால் நாற்காலி முதுகில் ஒரு சின்னத் தட்டு. தவில்காரர் சுதி பார்ப்பது மாதிரி அவ்வளவு மெதுவாக. எப்பேர்ப்பட்டவரும் எழுந்துவிடுவார்.

ஒரே ஒரு ரகத்தின் பின்னால் மட்டும் அவர் நிற்க மாட்டார். ஜோடிப் பிள்ளைகள். "ரெண்டு பாதாம் பால வெச்சுகினு பொங்கல்லருந்து தீவாளி வரைக்கும் உக்காந்துகினு இருக்கும்ங்க. அதுங்க பின்னால நின்னா நம்ம காலு மரத்துப் பூடும்" என்று மனைவி பச்சையம்மாவுக்கு வாசலிலேயே எச்சரிக்கை செய்துவிடுவார். பச்சையம்மாவுக்கு இந்த நிற்கிற வேலையே பிடிக்காது. கணவருக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல் ஊறுகாய் விற்கிற கண்ணாடி அலமாரிப் பக்கம் ஒதுங்கி நிற்பாள். இடம் கிடைத்து அவர் கையை ஆட்டினால் மட்டும் சம்பந்தம் வந்துவிடும்.

எல்லா வித்தைக்காரனுக்கும் ஒரு எதிரி இருப்பான் இல்லையா, இவருக்கு எட்மண்ட் சார். சேலையூரில் கணக்கு வாத்தியார். சர்ச்சில் மாலை ஆராதனை முடிந்து, மனைவி சரோஜினி டீச்சரோடு ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி வருவார். நன்றாக இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, அக்குளில் ஒரு தோல் பை. அவரும் நாற்காலி பிடிப்பவர்தான். ஆனால் மரியாதைக்காரர். ஓரடி தள்ளி நிற்பார், கை வைக்கக் கூச்சப்படுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படி மரியாதையாக நின்றுகொண்டிருந்தபோது ஏகநாதன் பக்கவாட்டில் வந்து கையை வைத்தார், ஆள் எழுந்தார், ஏகநாதன் உட்கார்ந்தார்.

"மிஸ்டர், நான் இங்க ரொம்ப நேரமா நிக்கறேன்" என்றார் எட்மண்ட் சார்.

"நின்னீங்க சார், நானும் பார்த்தேன். கை வெச்சீங்களா?"

"திஸ் இஸ் டூ மச்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் நகர்ந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் எட்மண்ட் சார் உட்கார்ந்திருக்கும் மேஜைப் பக்கம் ஏகநாதன் வந்தால் போதும், வாத்தியார் இரண்டாவது காபி சொல்வார். காபியை ஸ்பூனால் குடிப்பார். காபியை அப்படிக் குடிக்கிற மனுஷனை அதற்கு முன்னால் தான் பார்த்ததில்லை என்று சர்வர் ஸ்ரீரங்கனே சொல்லியிருக்கிறார்.

இந்த நாற்காலி வித்தைக்குச் சோதனை வந்தது போன ஆவணியில்.

ஏகநாதனுக்கு ஒரே மகள், சாமுண்டீஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அப்பாவின் தொண்டை அப்படியே இறங்கியிருக்கிறது, அதைச் சத்தமாக உபயோகிப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். இரண்டு தடவை மாப்பிள்ளை வீட்டார் வந்து கேசரி, பஜ்ஜி தின்று, தட்டில் மிச்சம்கூட வைக்காமல், "போய்ட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். சொல்லவே இல்லை. மூன்றாவது இடம் வந்தபோது ஈஸ்வரி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நைனா, நான் தட்ட புடிச்சுகினு நிக்கணும், அவங்க உக்காந்துகினு துன்னுகினே என்னைப் பார்க்கணும். இனிமே அது வேணாம். பார்க்கணும்னா ஓட்டலுக்கு வரச் சொல்லு. அவங்களும் சாப்பிடட்டும், நானும் உக்காந்து சாப்பிடறேன். அவர் எப்படி சாப்பிடறார்னு நானும் பார்க்கறேன்."

"இன்னாம்மா இது, ஊர்ல இல்லாத பழக்கம்?"

"இதுக்கு ஒத்துக்கலன்னா வேற எடமே பார்க்காத. நான் வேலைக்குப் போய்ட்டு வந்துகினு கம்முனு இருக்கேன்."

கம்முனு இருக்கேன் என்று அவள் சொன்னால் நிஜமாகவே கம்மென்று இருந்துவிடுவாள். அதுதான் ஏகநாதனுக்குப் பயம். பொத்தேரிக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். கேசவன் என்று பெயர். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறவர். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கெழம தாம்பரம் ஓட்டல்லயா? நிக்கறதுக்கே எடம் இருக்காதே" என்றார். அங்கேதான் ஏகநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சீட்டு என் பொறுப்பு. நீங்க வாங்க, உக்காருங்க, அவ்ளோதான்" என்று மார்பைத் தட்டிவிட்டு வந்துவிட்டார்.

அவர்கள் பக்கம் மூன்று பேர், இவர்கள் பக்கம் மூன்று பேர். ஆறு நாற்காலி, சேர்ந்தாற்போல், ஒரே நேரத்தில். ஒன்று இரண்டு பிடிக்கிறவருக்கு ஆறு என்றால் சும்மாவா? அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு சரியாக இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமே தனியாக வந்துவிட்டார்.

சுவர் ஃபேனுக்குக் கீழே இரண்டு மேஜைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருக்கும். அதுதான் அவர் குறி. ஒரு மேஜையில் மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்த குடும்பம், நாலு பேர். குழந்தைகள் பூரியை முடித்துவிட்டுப் புலி மாதிரி உறுமி விளையாடிக்கொண்டிருந்தன. பக்கத்து மேஜையில் இரண்டு காலேஜ் பையன்கள் காபிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எதிரே, வேறு யார், எட்மண்ட் சாரும் சரோஜினி டீச்சரும். வாத்தியார் எழுந்திருக்க மாட்டார், தெரிந்த விஷயம். வேண்டாம். அந்த நாலும் இந்த இரண்டும் ஆறு. கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஏகநாதன் இரண்டு மேஜைக்கும் நடுவில் போய் நின்றார். இடது கையை மிருகக்காட்சிசாலைக்காரர் நாற்காலியிலும் வலது கையைக் காலேஜ் பையன் நாற்காலியிலும் வைத்தார். இரண்டு மாட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீரங்கன் சாம்பார் வாளியோடு குனிந்து அந்தக் கைக்குக் கீழே போய் வந்தார்.

"இன்னாண்ணா இன்னிக்கு, ரெண்டு கையா?"

"பொண்ணு பார்க்க வராங்கப்பா. கண்டுக்காத."

"தோ பாருங்க, அக்காவும் பாப்பாவும் வந்துட்டாங்க."

பச்சையம்மா வழக்கமான ஊறுகாய் அலமாரிப் பக்கம் நின்றாள். பக்கத்தில் ஈஸ்வரி, மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலை கொள்ளாத பூ. அவள் முகத்தில் பதட்டம் ஒன்றும் இல்லை. அப்பா கையை விரித்துக்கொண்டு நிற்கிற அழகைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மிருகக்காட்சிசாலைக்காரர் பில்லை எடுத்தார். காலேஜ் பையன்கள் டம்ளரைக் கவிழ்த்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆறும் ஒரே நேரத்தில் காலியாகிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கேசவன் நுழைந்தார். பின்னால் அவர் மனைவி, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை ஜெயவேலு, நெற்றியில் விபூதி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கை தானாகக் குவிந்துவிட்டது.

"வாங்க வாங்க வாங்க!" என்று இரண்டு கையையும் தூக்கி ஏகநாதன் வணக்கம் சொன்னார்.

நாற்காலி முதுகிலிருந்து கை எடுத்தால் என்ன ஆகும்? என்ன ஆகுமோ அது ஆனது. பெரிய மீசை வைத்த ஒருவர் மனைவி, மாமியார், மைத்துனரோடு அந்த நாலு நாற்காலியில் உட்கார்ந்து, "நாலு நெய் ரோஸ்ட்" என்று சொல்லியும் முடித்துவிட்டார். ஏகநாதன் குவித்த கையைப் பிரிக்காமலே திரும்பிப் பார்த்தார். காலேஜ் பையன்கள் விட்ட இரண்டு நாற்காலியாவது மிஞ்சியதா என்று பார்த்தால், ஒன்றில் எட்மண்ட் சாரின் தோல் பை, இன்னொன்றில் சரோஜினி டீச்சரின் குடை.

"சார், அது நான் புடிச்ச சீட்டு" என்றார் ஏகநாதன்.

எட்மண்ட் சார் ஸ்பூனை டவராவில் வைத்தார். பல நாள் காத்திருந்தவரின் நிதானத்தோடு நிமிர்ந்து பார்த்தார். "பிடிச்சீங்க மிஸ்டர், நானும் பார்த்தேன். கை வெச்சீங்க. எடுத்துட்டீங்களே!"

பக்கத்து மேஜை மீசைக்காரரே சிரித்துவிட்டார். ஏகநாதனுக்குக் காது மடல் சூடாகியது. செங்கல் லோடு குடை சாய்ந்தபோதுகூட அவர் இப்படி நின்றதில்லை. கேசவன் பக்கத்தில் வந்து, "எடம் இல்ல போலக்கீதே" என்றார். அவர் மனைவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, வூட்லயே பார்த்திருக்கலாம்" என்றாள். அது ஈஸ்வரியின் காதில் விழுந்தது. அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டது. வாசல் பக்கம் பார்த்தாள். போய்விடுவாள் என்று ஏகநாதனுக்குத் தெரிந்தது. போனால் மறுபடி இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள்.

சரோஜினி டீச்சர் பூவைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், வாழைப்பழச் சீப்போடு முழிக்கிற பையனைப் பார்த்தார். கணவரின் முழங்கையில் ஒரு இடி இடித்தார்.

"என்னங்க, பொண்ணு பார்க்க வந்திருக்காங்க."

"இங்கேயா?"

"இங்கதான். குடையை எடுங்க."

எட்மண்ட் சார் முகம் மாறிவிட்டது. சண்டை பிடிக்கத் தெரிந்த அளவுக்கு அதைத் தொடரத் தெரியாத மனுஷர். பையையும் எடுத்தார், குடையையும் எடுத்தார், தானும் எழுந்தார். "ஐயாம் வெரி சாரி, நீங்க நாலு பேர் உட்காருங்க" என்றார்.

டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க எங்க எழுந்திருக்கீங்க? பெரியவங்க உட்கார்ந்தா பெரியவங்கதான் பேசுவாங்க. அதுங்க ரெண்டும் தட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கும். இன்னொரு காபி சொல்லுங்க." பிறகு ஈஸ்வரியைப் பார்த்து, "வாம்மா, இப்படி வந்து உட்காரு. தம்பி, நீயும் வா" என்றார்.

கேசவன் மனைவிக்கு இது ஒப்பவில்லை. "ரெண்டு பேர் மட்டுமா? அதெப்படி?"

"தனியா இல்லைங்களே, நாங்க ரெண்டு பேர் எதிர்லயே இருக்கோமே" என்றார் எட்மண்ட் சார், வகுப்பில் பேசுகிற குரலில். "நான் காபி குடிக்க எவ்வளவு நேரம் எடுத்துப்பேன்னு சாரையே கேளுங்க."

ஏகநாதன் தலையை ஆட்டினார். "ரொம்ப நேரம் எடுப்பாரு."

"அத்தை, நீங்க பின்னாலயே நில்லுங்க. பேசறதெல்லாம் காதுல விழும்" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரி போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா கொஞ்சம் முறைத்து, கொஞ்சம் சிரித்து, அப்படியே பின்னால் நின்றுகொண்டாள்.

ரவா தோசை வந்தது. ஜெயவேலு மறைமலைநகரில் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். கேன்டீன் சாப்பாட்டுக்குப் பழகிய கை. நாலு விள்ளலில் தோசையில் பாதியைக் காணோம். ஏகநாதன் முருகரைப் பார்த்துக்கொண்டே இதையும் பார்த்தார். சீட்டை டக்கென்று காலி பண்ணுகிற ரகம், நல்ல பையன் என்று நினைத்தார். அவர் அளவுகோல் அது.

"ஏங்க, கம்பெனி பஸ் வெளிய நிக்குதா?" என்றாள் ஈஸ்வரி.

ஜெயவேலு வாயில் தோசையோடு நிமிர்ந்தான். சிரிப்பு வந்து புரை ஏறியது. எட்மண்ட் சார் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். அதற்கப்புறம் அவன் மெதுவாகத்தான் சாப்பிட்டான்.

இந்தப் பக்கம் கேசவனுக்குக் கால் வலித்தது. "எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று பெருமூச்சு விட்டார். ஏகநாதனுக்குச் சட்டென்று உயிர் வந்துவிட்டது. அவர் தோளைத் தொட்டு, "சம்பந்தி, அந்தாண்ட பாருங்க. தூணுக்குப் பக்கத்துல, கண்ணாடி போட்டவரு. காபி ஆத்தறாரா? போய் கைய வைங்க" என்றார். சம்பந்தி என்று வாய் தவறி வந்துவிட்டதற்குப் பச்சையம்மா அவர் இடுப்பில் கிள்ளினாள்.

"வைக்கலாமா? அவர் கோச்சுக்க மாட்டாரா?"

"அவர பார்க்காதீங்க. முருகர பாருங்க."

கேசவன் போய்க் கூச்சத்தோடு கை வைத்தார். முருகரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் எழுந்தார். பொத்தேரியில் மூன்று மாடி கட்டியபோதுகூட அந்த மனுஷன் முகத்தில் அத்தனை சந்தோஷம் இருந்திருக்காது. "கெடச்சிருச்சி! ஏம்மே, இங்க வா!" என்று ஹாலுக்கே கேட்கக் கூப்பிட்டார். அப்புறம் பக்கத்து இரண்டு நாற்காலிக்கும் அவரே கை வைத்துப் பிடித்து, பச்சையம்மாவையும் உட்கார வைத்தார். மூவரும் பேசிக்கொண்டே இட்லி சொன்னார்கள். "ஓட்டல் நல்ல யோசனைதாங்க" என்று கேசவன் மனைவியே சொன்னது இங்கே வரை கேட்டது.

ஏகநாதனுக்கு மட்டும் இடம் இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. திரும்பி வந்து மகள் மேஜைக்குப் பின்னால் நின்றார். பிள்ளைகள் இரண்டும் காபி முடித்திருந்தன. பழக்கம் விடுமா? வலது கை போய் ஈஸ்வரியின் நாற்காலி முதுகில் உட்கார்ந்துகொண்டது. விரல்கூட லேசாக எழும்பியது.

ஸ்ரீரங்கன் பில் புத்தகத்தோடு வந்தார். "வேற என்ன சார்?"

ஜெயவேலு ஈஸ்வரியைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பாதாம் பால்" என்றான் ஜெயவேலு.

எட்மண்ட் சார் குனிந்துகொண்டு ஸ்பூனால் காலி டவராவைக் கலக்கினார். அதற்குள் வாசல் கூட்டத்திலிருந்து ஒருவர் முண்டி வந்து, ஜெயவேலு உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் உரிமையோடு கையை வைத்தார். ஏகநாதன் அந்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து, பூவைக் கிள்ளுகிற மாதிரி மெதுவாக எடுத்து அப்பால் விட்டார். அப்போதுதான் தன் கை மகளின் நாற்காலி மேல் இருப்பது கண்ணில் பட்டது. அதையும் எடுத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முருகர் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.